செஸ்ட்நட் மரம் ஏன் ‘ரொட்டி மரம்’ ஆனது?

பிரான்ஸுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். அக்டோபர் மாதத்தில் பாரிஸ் பூங்காக்களில் பழுப்பு நிறக் கொட்டைகள் பளபளவென்று விழுந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி வந்து சுட்டுச் சாப்பிடலாமா? தெற்கே செவென் மலைப்பக்கம் போனபோது அங்கிருந்தவர்கள் செஸ்ட்நட்டை ‘ரொட்டி மரம்’ என்றார்களாம். கொட்டை காய்க்கும் மரத்துக்கும் ரொட்டிக்கும் என்ன சம்பந்தம்?

முதல் கேள்வி வயிறு சம்பந்தப்பட்டது என்பதால் அதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: பூங்காவில் கிடப்பதைச் சாப்பிடாதீர்கள். பாரிஸின் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் இந்தக் கொட்டைகளை உதிர்ப்பவை பெரும்பாலும் குதிரைச் செஸ்ட்நட் மரங்கள். பால்கன் மலைகளைச் சேர்ந்த இந்த மரம் 16ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வியன்னாவுக்கும், 1615இல் பாரிஸுக்கும் வந்து சேர்ந்தது. பூவின் அழகுக்காகவும் நிழலுக்காகவும் வளர்த்தார்கள். உண்ணும் செஸ்ட்நட்டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. உண்ணும் செஸ்ட்நட் ஓக் மரக் குடும்பம்; குதிரைச் செஸ்ட்நட் நம் பூந்திக்கொட்டையின் குடும்பம். பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வரக் காரணமான சபோனின் வகைப் பொருள்கள் இதிலும் நிறைய இருக்கின்றன. ஐரோப்பாவில் இதைப் பொடித்துத் துணி துவைத்தார்கள். வயிற்றுக்குள் போனால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. இமாச்சல், உத்தராகண்ட் மலைகளில் காட்டுக் குதிரைச் செஸ்ட்நட்டை நீண்ட நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கசப்பைப் போக்கி மாவாக்கும் வழக்கம் உண்டு. அது தலைமுறைகளாகக் கைவந்த பக்குவம். வீட்டில் முயன்று பார்க்கிற விஷயம் இல்லை.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். தெருவில் சுட்டு விற்பவர்கள் ‘மரோன்’ என்று கூவுகிறார்கள். பூங்காவில் விழுவதையும் பிரெஞ்சில் மரோன் என்றுதான் சொல்கிறார்கள். இதனால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அந்நாட்டு நச்சுத் தகவல் மையங்களுக்கு அழைப்புகள் வருகின்றன.

அடையாளம் காண்பது எளிது. குதிரைச் செஸ்ட்நட்டில் ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரிந்து நிற்கும். உண்ணும் செஸ்ட்நட்டின் இலை ஒற்றை இலை. ஒரு சாண் நீளம், ஓரம் முழுவதும் ரம்பப் பல். காயைப் பார்த்தால் இன்னும் தெளிவு. குதிரைச் செஸ்ட்நட்டின் உறை தடித்த பச்சைத் தோல். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டை முட்கள். உள்ளே பெரும்பாலும் ஒரே ஓர் உருண்டைக் கொட்டை. உண்ணும் செஸ்ட்நட்டின் உறையை வெறுங்கையால் தொட முடியாது. தோலே தெரியாத அளவுக்கு ஊசி முட்கள் நெருங்கியிருக்கும். செருப்புக் காலால் இரண்டு பக்கமும் மிதித்துப் பிளந்தால் உள்ளே இரண்டு மூன்று கொட்டைகள். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்ந்ததால் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். நுனியில் காய்ந்த பூவின் மிச்சமாக ஒரு சிறு குஞ்சம் இருக்கும். குஞ்சம் இருந்தால் உண்ணலாம். நுனி உருண்டு மழமழவென்று இருந்தால் போட்டுவிடுங்கள்.

சீனக் கடைகளில் டப்பாவில் வரும் வாட்டர் செஸ்ட்நட் இந்த இரண்டிலும் சேராது. அது கோரை இனத்துக் கிழங்கு.

இனி இரண்டாவது கேள்வி. இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல எனக்கு ஆசை.

செஸ்ட்நட்டை முந்திரி, பாதாம் வரிசையில் வைத்துப் பார்க்கும்வரை அது நமக்குப் பிடிபடாது. பாதாமின் எடையில் பாதி கொழுப்பு. பச்சைச் செஸ்ட்நட்டில் 100 கிராமுக்குக் கொழுப்பு சுமார் 2 கிராம்தான்; மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 45 கிராம்; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். வைட்டமின் சி கூட 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. கொறிப்பதற்கான கொட்டை என்பதைவிட மரத்தில் காய்க்கும் தானியம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும்.

செவென் மலையின் பெரும்பகுதி செங்குத்தான சரிவு. பாறை உடைந்து உண்டான, சுண்ணாம்பு இல்லாத அமில மண். கோதுமைக்கு அந்த மண்ணும் சரிவும் ஆகாது. செஸ்ட்நட்டுக்கோ சுண்ணாம்பு மண்தான் ஆகாது. அமில மண்ணில் செழித்து வளரும். ஜூன், ஜூலையில்தான் பூக்கும் என்பதால் வசந்த காலத்துப் பின்பனியும் அதன் பூவைக் கருக்காது. வயலே வெட்ட முடியாத ஓர் ஊரில் ஆண்டுதோறும் மாவு கொடுக்கும் மரம் கிடைத்தால் ஊர் அதை விட்டுவிடுமா? இடைக்காலத்தில் மடத்துத் துறவிகளும் குடியானவர்களுமாகச் சேர்ந்து சரிவெங்கும் நட்டார்கள். கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, மண் சுமந்து வந்து கொட்டி, படிப்படியாக அடுக்கு நிலங்கள் அமைத்து நட்டார்கள். இன்று அங்கே போகிறவர்கள் அதை இயற்கையான காடு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். பழைய மரங்களின் அடியில் சற்று நின்று பாருங்கள்: தண்டில் ஓர் இடத்தில் பட்டையின் போக்கு மாறி வீங்கியிருக்கும். ஒட்டுக் கட்டிய தழும்பு அது. விதையிலிருந்து தானாக முளைத்த மரம் பொடிக் காய் காய்க்கும். உள்தோல் பருப்பின் மடிப்புக்குள் புகுந்துகொண்டு உரிக்க வராது. அதனால் ஒவ்வொரு மரத்தையும் யாரோ ஒருவர் நல்ல இனத்தோடு ஒட்டுக் கட்டியிருக்கிறார். உலர்த்துவதற்குப் பெல்கிரின், பச்சையாக விற்பதற்கு டொஃபின் என்று இடத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப இனங்கள் வைத்திருந்தார்கள்.

காய்ப்பது மரத்தின் வேலை. அதை உணவாக்குவதில்தான் மனிதன் படும் பாடு இருக்கிறது. பச்சைக் கொட்டையில் பாதி தண்ணீர் என்றேன் அல்லவா? அப்படியே வைத்தால் சில வாரங்களில் பூசணம் பிடிக்கும், புழு வைக்கும், முளைத்துவிடும். இத்தாலியில் கொட்டைகளைச் சில நாள் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டுப் பிறகு நிழலில் காயவைப்பார்கள். புழு செத்துப்போகும், லேசாகப் புளித்துப் பூசணமும் தடைபடும், சில மாதம் தாங்கும். அடுத்த ஆண்டு வரை தாங்க வேண்டுமானால் உலர்த்தியே ஆக வேண்டும். இதற்காகச் செவென் மலைக்காரர்கள் கட்டிய கல் வீட்டுக்குப் பெயர் க்ளேத்.

கொப்பரைக்குப் புகை போடும் கூடத்தைக் கன்னியாகுமரிப் பக்கத்திலோ யாழ்ப்பாணத்திலோ பார்த்தவர்களுக்கு க்ளேத்தை விளக்கவே வேண்டாம். கீழே தரையில் நெருப்பு. மேலே பலகைச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த பரண். பரணில் அரை மீட்டர் உயரம் வரை செஸ்ட்நட்டைக் கொட்டிப் பரப்புவார்கள். மலைச் சரிவில் கட்டியிருப்பதால் பரணுக்கு மேல் பக்கத்து வாசலும், நெருப்புக்குக் கீழ்ப் பக்கத்து வாசலும் தனித்தனியாக இருக்கும். நெருப்பு எரியவே கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். செஸ்ட்நட் கட்டைகளைப் போட்டு, அதன்மேல் போன ஆண்டு உரித்த ஓட்டையும் தோலையும் கொட்டி மூடிவிடுவார்கள். சுவாலை எழுந்தால் பருப்பு கருகிவிடும், பரணே பற்றிக்கொள்ளும். அணைந்தால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு இரவு பகலாக யாராவது ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை மேலடுக்கைக் கீழாகப் புரட்டிவிட வேண்டும். சுமார் மூன்று கிலோ பச்சைக் கொட்டை ஒரு கிலோ உலர்ந்த கொட்டையாகும்.

அதோடு முடிந்ததா? ஓடும் உள்தோலும் நீங்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் கொட்டையைச் சாக்கில் கட்டி மரக்கட்டையில் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். அல்லது அடியில் நீளமான இரும்புப் பற்கள் வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மிதிப்பார்கள். நொறுங்கிய ஓட்டைப் புடைத்துத் தள்ளினால், மஞ்சள் கலந்த வெள்ளையில் சுருங்கிய, கல் மாதிரி கெட்டியான பருப்பு நிற்கும். அதுதான் குளிர்காலம் முழுவதற்குமான சோறு. ரொட்டியின் இடத்தில் இது இருந்ததால்தான் ‘ரொட்டி மரம்’ என்ற பெயர். இரவில் ஊறவைத்து, மெல்லிய நெருப்பில் மணிக்கணக்கில் வேகவைத்து, பால் ஊற்றிக் கஞ்சியாகக் குடித்தார்கள். பஜானா என்பார்கள் அந்தக் கஞ்சியை. உலர்ந்த பருப்புக்கு லேசான புகை மணமும் நல்ல இனிப்பும் இருக்கும். சர்க்கரை தேவைப்படாது.

கோர்சிகாத் தீவில் மாவாக அரைப்பது வழக்கம். தீவு இத்தாலியின் ஜெனோவா நகர அரசின் ஆட்சியில் இருந்தபோது, 1584இல், நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் செஸ்ட்நட், ஆலிவ், அத்தி, மல்பெரி என நான்கு மரம் நட வேண்டும் என்று ஆணை பிறந்தது. மற்ற மூன்றையும்விட மலையில் செஸ்ட்நட் பிடித்துக்கொண்டது. வடகிழக்கில் ஒரு வட்டாரத்துக்கே காஸ்தாஞிச்சா, அதாவது செஸ்ட்நட் நாடு, என்று பெயர். அக்காலத்தில் அங்கே தனிக் கூடம்கூட இல்லை: வீட்டின் நடுவில் தரையில் நெருப்பு, தலைக்கு மேல் கூரைப் பரணில் கொட்டை, நடுவில் குடும்பம். சமையல், குளிர் காய்தல், உலர்த்தல் மூன்றுக்கும் ஒரே நெருப்பு. மாவில் களி கிண்டி, மாவு தூவிய துணியில் கவிழ்த்து, நூலால் துண்டு போட்டு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும் பன்றி ஈரல் தொத்திறைச்சியோடும் இன்றும் சாப்பிடுகிறார்கள். கோதுமை மாவை உப்பவைக்கும் குளூட்டன் என்ற புரதம் இந்த மாவில் இல்லாததால் ரொட்டி மாதிரி உப்பாது. களி, அடை, தட்டையான கேக் என்றுதான் வரும். இத்தாலியின் டஸ்கனியில் ஆலிவ் எண்ணெயும் ரோஸ்மேரியும் பைன் பருப்பும் சேர்த்துச் சுடும் காஸ்தஞாச்சோவும் தட்டையானதுதான்.

இவ்வளவு வேலையையும் விவரமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கோர்சிகா பிரான்ஸின் கைக்குப் போனதும், அங்கே வந்த அதிகாரிகள் செஸ்ட்நட்டைச் சோம்பேறிகளின் மரம் என்று எழுதினார்கள். உழவு இல்லை, விதைப்பு இல்லை, மரத்தடியில் படுத்திருந்தால் சாப்பாடு விழுகிறது, அதனால்தான் இந்த மக்கள் அடங்க மறுக்கிறார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. 1771இல் தீவில் புதிதாகச் செஸ்ட்நட் நடுவதற்குத் தடை கூடப் போட்டார்கள். இரண்டே ஆண்டில் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சுவர் கட்டியவனையும், ஒட்டுக் கட்டியவனையும், அறுவடைக்கு முன் புதர் வெட்டித் தரையைத் துப்புரவாக்கியவர்களையும், வாரக்கணக்கில் குனிந்தபடி முள்ளுக்கிடையில் பொறுக்கிய பெண்களையும், புகைக்குள் கண் விழித்தவனையும் அந்த அதிகாரிகள் பார்க்கவே இல்லை. மேஜைக்கு வரி தானியமாக வரவில்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

கொட்டையைத் தவிர மரத்திலும் வீண் என்று எதுவும் கிடையாது. கட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. அதனால் எளிதில் உளுக்காது. இளம் மரத்தை அடியோடு வெட்டினால் கட்டையிலிருந்து பல கொம்புகள் நேராகத் துளிர்க்கும். அவற்றைப் பிளந்து வேலிக் கழி, திராட்சைப் பந்தலுக்கு ஊன்றுகோல், பீப்பாய்க்கு வளையம், கூடைக்குப் பட்டை என்று எடுப்பார்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இதற்கென்றே வளர்த்து, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடிக்குக் கொம்பு நட்டார்கள். இலை ஆட்டுக்குத் தீனி, தொழுவத்துக்குப் படுக்கை. புரோவான்ஸில் பானோன் என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைக் காய்ந்த செஸ்ட்நட் இலையில் பொதிந்து நாரால் கட்டிப் பதப்படுத்துகிறார்கள். செவென் மலையில் எனக்கு மிகவும் பிடித்தது தேனீக் கூண்டு: உள்ளே குடைந்த செஸ்ட்நட் அடிமரத் துண்டை நிறுத்தி, மேலே ஒரு பாறைப் பலகையை மூடியாக வைத்துவிடுவார்கள். வரிசையாகச் சரிவில் நிற்கும். பூவின் வாசம் எல்லோருக்கும் பிடிக்காது. அதன் தேன் கறுத்து, லேசான கசப்போடு இருக்கும். குடித்துப் பழகியவர்களுக்கு வேறு தேன் சப்பென்று ஆகிவிடும்.

அந்த டானினே மரத்துக்கு எமனாகவும் வந்தது. தோல் பதனிடவும் பட்டுக்குக் கறுப்புச் சாயமேற்றவும் செஸ்ட்நட் கட்டைச் சாறு தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் மரங்களை எடைக்கு வாங்கின. தாத்தாவுக்குத் தாத்தா நட்ட மரங்கள் வண்டி வண்டியாகச் சாறு பிழியப் போயின. அதே காலத்தில் வேரைத் தாக்கிக் கரிய நீர் வடியச் செய்யும் ‘மை நோய்’ பரவியது. இளைஞர்கள் அலேஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இறங்கினார்கள். முதல் உலகப்போர் பலரைத் திருப்பி அனுப்பவில்லை. ஆள் இல்லாத தோப்பில் புதர் மண்டியது, க்ளேத்துகளின் கூரை இடிந்தது. ஒட்டு மரம் கவனிப்பு இல்லாமல் சில பத்தாண்டுகளில் நலிந்துவிடுகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நோய்களில் கொடியது பட்டைப் பூஞ்சை. ஆசியாவிலிருந்து வந்த இது 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குத் தோட்டத்து மரங்களில் முதலில் கண்ணில் பட்டது. பட்டைக்கு அடியில் படர்ந்து தண்டைச் சுற்றி வளைத்து, மேலே சாறு ஏறாமல் செய்துவிடும். அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கச் செஸ்ட்நட் சுமார் 300 முதல் 400 கோடி மரங்கள் அழிந்தன. அப்பலாச்சிய மலைக் குடும்பங்களுக்கு அந்தக் கொட்டைதான் பன்றிக்குத் தீனி. ரயிலேற்றி நகரத்துக்கு விற்றுக் கிடைத்ததுதான் குளிர்காலக் கைக்காசு. வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. துளிர்க்கிறது, ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் வளர்கிறது, மறுபடி பூஞ்சை பிடித்துச் சாகிறது.

1938இல் இதே பூஞ்சை ஜெனோவா அருகே தென்பட்டபோது ஐரோப்பாவும் அதே கதிக்குத் தயாரானது. ஆனால் 1950களில் இத்தாலியரான அந்தோனியோ பிராகி, சில மரங்களில் புண் தானாக ஆறி வருவதைக் கவனித்தார். அந்தப் பூஞ்சைக்கே ஒரு வைரஸ் தொற்றி அதன் வீரியத்தைக் குறைத்திருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் ழான் கிராந்த் இதை மருந்தாக்கினார். புண்ணைச் சுற்றிப் பட்டையில் சிறு துளைகள் போட்டு, வைரஸ் தொற்றிய பலவீனமான பூஞ்சையைப் பசையாக அடைப்பார்கள். வைரஸ் பக்கத்துப் பூஞ்சைக்கும் தாவி, புண் மெல்ல மூடும். அமெரிக்காவில் பூஞ்சையின் உட்பிரிவுகள் மிகுதி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வைரஸ் எளிதில் தாவாததால் அங்கே இந்த வழி பலிக்கவில்லை. 2002இல் இத்தாலியின் பியெமோன்தேயில் மொட்டில் முட்டையிட்டுக் கட்டி உண்டாக்கும் குளவி வந்து விளைச்சலைச் சரித்தது. அதன் சொந்த ஊரான சீனாவைச் சேர்ந்த இன்னொரு குட்டிக் குளவியை விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

இப்போது தோப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு வருகின்றன. பிரான்ஸின் ஆர்தேஷ் பகுதிச் செஸ்ட்நட்டுக்கும் கோர்சிகா மாவுக்கும் 2006இல் பிறப்பிடப் பாதுகாப்பு (நம் புவிசார் குறியீடு மாதிரி) கிடைத்தது. ஜப்பானிய இனத்தோடு கலந்த புதிய ரகங்கள் மை நோயைத் தாங்குகின்றன, சீக்கிரம் காய்க்கின்றன, பெரிதாகவும் இருக்கின்றன. சந்தையில் பளிச்சென்று கிடப்பவற்றில் பல அவைதான். சுவையில் பழைய ஒட்டு ரகங்களுக்கு அவை ஈடில்லை என்பது என் கருத்து. கிடைத்தால் பழைய ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றை வளர்ப்பவர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும்.

வாங்கும்போது கையில் கனமாக இருப்பதைப் பொறுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிடுங்கள். உள்ளே புழுவோ வெறும் தோலோதான் இருக்கும். மீதியைக் காய்கறி மாதிரி குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், மளிகை அலமாரியில் கூடாது. சுடுவதற்கு முன் ஒவ்வொன்றின் ஓட்டிலும் குறுக்கே ஒரு கீறல் போடுங்கள், உள்தோலும் அறுபடும்படி. இதை விட்டுவிட்டால் உள்ளே நீராவி முட்டி வெடித்துவிடும். 200 டிகிரி அவனில் 20, 25 நிமிடம்; வெளியே எடுத்ததும் ஈரத்துணியில் சுற்றி ஐந்து நிமிடம் வைத்து, சூடு பொறுக்கும்போதே உரியுங்கள். ஆறிவிட்டால் உள்தோல் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

மலைப்பக்கம் போய் நீங்களே பொறுக்க நினைத்தால் ஒன்றை மனதில் வையுங்கள். பிரான்ஸில் அந்தத் தோப்புகள் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. வேலி இல்லை, புதர் மண்டியிருக்கிறது என்பதற்காகப் பையை நிரப்பினால் அது திருட்டுத்தான். பக்கத்து வீட்டில் கேட்டால் யார் தோப்பு என்று சொல்வார்கள். அறுவடை முடிந்தபின் பொறுக்கிக்கொள்ளச் சிலர் அனுமதிப்பதும் உண்டு. மாவு வாங்குவதானால் அவ்வாண்டு விளைச்சல் அரைபட்டு வரும் டிசம்பருக்குப் பிறகு வாங்குங்கள். இனிப்பு மாவு என்பதால் எளிதில் வண்டு பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, கோடைக்கு முன் தீர்த்துவிடுங்கள்.